அச்சுப்பொறிக்கும் ஒரு காவலாளி வேண்டும்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், உலகின் பல நாடுகளில் அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருந்த அச்சுப்பொறிகள் தாமாகவே இயங்கத் தொடங்கின. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. ஆனாலும் தாள் வெளியே வந்தது. பியூடிபை என்ற யூடியூப் பிரபலத்தின் அலைவரிசைக்குச் சந்தாதாரராகச் சேருங்கள் என்ற வேண்டுகோள் அதில் இருந்தது. இந்தியாவின் டி-சீரீஸ் அலைவரிசை அவரை முந்திவிடும் நிலையில் இருந்த காலம் அது.

'ஹேக்கர் ஜிராஃப்' என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர், ஏறக்குறைய 50,000 அச்சுப்பொறிகளுக்கு இதை அனுப்பியது தாமே என்று டுவிட்டரில் அறிவித்தார். அவர் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. உடைப்பதற்கு அங்கே கடவுச்சொல்லே இல்லை. இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த அச்சுப்பொறிகளைத் தேடி எடுத்து, ஒரு பக்கத்தை அனுப்பினார். அவை பணிவோடு அச்சிட்டன. அந்தத் தாளிலேயே, உங்கள் அச்சுப்பொறியின் பாதுகாப்பைச் சரிசெய்யுங்கள் என்ற அறிவுரையும் இருந்தது!

சிரித்துவிட்டுப் போகக்கூடிய குறும்பு என்று தோன்றுகிறதா? இப்படி நினைத்துப் பாருங்கள். உங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கான கணிதத் தாள் அதில்தான் அச்சாகிறது. உங்கள் சோதனை மதிப்பெண்கள், மருத்துவச் சான்றிதழ்கள், பெற்றோரின் வருமான விவரம் கொண்ட உதவித்தொகைப் பாரங்கள் எல்லாமே அதன் வழியாகப் போகின்றன. அந்த இயந்திரம் யார் சொன்னாலும் கேட்கும் என்றால், அதை இன்னமும் வெறும் குறும்பு என்று சொல்ல முடியுமா?

அச்சுப்பொறி இயல்பிலேயே கீழ்ப்படியும் இயந்திரம். 'நீ யார், எங்கிருந்து வருகிறாய், உனக்கு என்ன வேண்டும்?' என்று அது தானாகக் கேட்காது. கேட்கும்படி நாம்தான் அமைத்துத் தர வேண்டும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

வரிசையைக் காக்கும் கணினி

ஒரு பள்ளியில் 60 கணினிகளும் மூன்று அச்சுப்பொறிகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுபதும் ஒரே நேரத்தில் ஓர் அச்சுப்பொறியிடம் பேச முயன்றால் குழப்பம்தான். ஆகவே, நடுவில் ஒரு கணினியை வைக்கிறார்கள். இதுதான் பிரிண்ட் சர்வர் எனப்படும் அச்சு வழங்கி. எல்லாரும் தங்கள் கோப்புகளை அதனிடம் கொடுப்பார்கள். அது அவற்றைத் தன் வட்டில் சேமித்து, வரிசைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக அச்சுப்பொறிக்கு அனுப்பும்.

லினக்ஸ், மேக் கணினிகளில் இந்த வேலையைச் செய்யும் மென்பொருளின் பெயர் கப்ஸ். அமெரிக்கரான மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய இது, 1999இல் முதன்முதலாக வெளியானது. 2002இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளில் இதைச் சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் கணினிகளில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சேவை இதே போன்ற வேலையைச் செய்கிறது.

எல்லாக் கோப்புகளும் ஓரிடத்தில் வந்து சேர்வதில் ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. காவலாளியை அங்கே ஒரே இடத்தில் நிறுத்தினால் போதும் என்பது நன்மை. காவலாளி தூங்கிவிட்டால் எல்லாமே போய்விடும் என்பது ஆபத்து.

முகவரியும் வாசலும்

வலையமைப்பில், அதாவது நெட்வொர்க்கில், இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. 192.168.20.45 என்பது போல, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக அதை எழுதுகிறோம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஓர் எண்ணுக்கு 8 பிட் வீதம் மொத்தம் 32 பிட்.

முகவரி வீட்டைக் காட்டும். வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்பதைப் 'போர்ட்' எண் காட்டும். அச்சிடும் வேலைக்கு மூன்று வாசல்கள் புகழ்பெற்றவை. 515ஆம் வாசல் பழைய யூனிக்ஸ் கணினிகளின் காலத்திலிருந்து வருகிறது. 631ஆம் வாசல் இணைய அச்சு நெறிமுறைக்கு உரியது. கப்ஸ் பயன்படுத்துவது இதைத்தான். மூன்றாவது 9100ஆம் வாசல். இங்கே எந்தக் கேள்வியும் கிடையாது. உள்ளே வரும் தரவு எதுவானாலும் அச்சுப்பொறி அச்சிட்டுவிடும். 2018 சம்பவத்தில் பயன்பட்ட வாசலும் இதுவே.

முதல் கேள்வி: எங்கிருந்து வருகிறாய்?

கப்ஸை ஒரு கணினியில் புதிதாக நிறுவினால், வழக்கமாக அது தன் சொந்தக் கணினியின் குரலுக்கு மட்டும்தான் செவிசாய்க்கும். அடுத்த மேசையில் இருக்கும் கணினிகூட அதனிடம் பேச முடியாது. பள்ளி முழுவதற்கும் அது பயன்பட வேண்டுமானால், கதவைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் யாருக்குத் திறப்பது?

இதை இரண்டு விதமாக எழுதலாம். 'எல்லாரையும் உள்ளே விடு; இவர்களை மட்டும் தடு' என்பது ஒன்று. 'எல்லாரையும் தடு, இவர்களை மட்டும் உள்ளே விடு' என்பது மற்றொன்று. கப்ஸின் அமைப்புக் கோப்பில் 'ஆர்டர்', 'அலோ', 'டினை' என்ற சொற்களைக் கொண்டு இவ்விரண்டில் எதை வேண்டுமானாலும் எழுத முடியும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே போலத் தெரியும். ஆனால், அமைப்பவர் எதையாவது மறந்துவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் விதியில், தடுக்க வேண்டிய ஒருவரின் பெயர் விடுபட்டுப்போனால், அவர் உள்ளே வந்துவிடுவார். யாரும் புகார் செய்யமாட்டார்கள். வந்தவர் தாமாக முன்வந்து சொல்லவும்மாட்டார். அந்தத் தவறு பல ஆண்டுகள் சத்தமின்றி இருக்கலாம். இரண்டாம் விதியில், அனுமதிக்க வேண்டிய ஒருவரின் பெயர் விடுபட்டுப்போனால், அன்றைக்கே ஓர் ஆசிரியர் வந்து, "எனக்கு அச்சாகவில்லையே!" என்று சொல்வார். ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

மனிதர்கள் மறப்பது இயல்பு. ஆகவே, மறந்தால் சத்தம்போடும் விதியே நல்ல விதி. பாதுகாப்புத் துறையினர் 'முதலில் எல்லாவற்றையும் மறு, பிறகு தேவையானதை மட்டும் அனுமதி' என்று வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

இனி, யாரை அனுமதிப்பது? ஒவ்வொரு முகவரியாக எழுதினால் கை வலிக்கும். அதனால் முகவரிகளைக் குழுவாக எழுதுகிறார்கள். நம் எடுத்துக்காட்டுப் பள்ளியில் ஆசிரியர் அறைக் கணினிகள் 192.168.10 என்று தொடங்கட்டும். கணினிக் கூடம் 192.168.20 என்றும், வருகையாளர்களுக்கான வைஃபை 192.168.30 என்றும் தொடங்கட்டும். ஆசிரியர் அறை முழுவதையும் அனுமதிக்க, 192.168.10.0/24 என்று எழுதினால் போதும். முகவரியின் 32 பிட்டுகளில் முதல் 24 பிட்டுகள் பொருந்த வேண்டும், மீதி எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பது இதன் பொருள். மீதமுள்ள 8 பிட்டுகளில் 256 முகவரிகள் அமையும். அவற்றில் முதலும் கடைசியும் தனிப் பயன்பாட்டுக்கு உரியவை என்பதால், 254 கருவிகளுக்கு இடம் உண்டு.

இன்னும் நுணுக்கமாகவும் எழுதலாம். கணினிக் கூடத்தில் முதல் சில கணினிகளுக்கு மட்டும் அனுமதி என்று வைத்து, 192.168.20.0/27 என்று எழுதுகிறோம். 24க்கு மேல் இன்னும் மூன்று பிட்டுகள் பொருந்த வேண்டும். 192.168.20.45 என்ற கணினி வந்து கதவைத் தட்டுகிறது. விடலாமா?

45 என்பதை இரும எண்ணாக எழுதுங்கள்: 00101101. இதன் முதல் மூன்று பிட்டுகள் 001. விதியில் உள்ள 0இன் முதல் மூன்று பிட்டுகள் 000. பொருந்தவில்லை. ஆகவே, அனுமதி இல்லை. அடுத்து 192.168.20.19 வருகிறது. 19இன் இரும வடிவம் 00010011. முதல் மூன்று பிட்டுகள் 000. பொருந்துகிறது, உள்ளே வரலாம். கணிதப் பாடத்தில் நீங்கள் படிக்கும் இரண்டடிமான எண்களைத்தான் காவலாளி ஒவ்வொரு நொடியும் கையில் வைத்திருக்கிறார்!

இரண்டாம் கேள்வி: நீ யார்?

முகவரி மட்டும் போதுமா? போதாது. உங்கள் பள்ளி வாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருபவர் எந்த வண்டியில் வந்தார் என்பதை மட்டும் பார்த்துப் பாதுகாவலர் உள்ளே விடுவதில்லை. பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறார். பிறகுதான் வருகையாளர் அட்டை கிடைக்கிறது.

ஐபி முகவரி வண்டியைப் போன்றது. ஆசிரியர் எழுந்து போன நேரத்தில் அவருடைய கணினியின் முன்னால் வேறொருவர் உட்காரலாம். அப்போதும் முகவரி அதேதான். அதனால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன. சில அலுவலகங்களில், அச்சுப்பொறியின் அருகில் வந்து ஊழியர் அட்டையைத் தொட்டால்தான் தாள் வெளியே வரும். முக்கியமான தாள் தட்டில் கேட்பாரின்றிக் கிடப்பதை இது தடுக்கிறது.

இதற்கும் முன்னதாக, சுவரில் உள்ள வலையமைப்புத் துளையிலேயே ஒரு சோதனையை வைக்க முடியும். 802.1எக்ஸ் என்ற தரநிலை 2001இல் வெளியானது. இது அமைக்கப்பட்ட இடத்தில், கம்பியைச் செருகினாலும் கருவி தன் அடையாளத்தை நிரூபிக்கும்வரை வலையமைப்புக்குள் வர இயலாது.

கடவுச்சொல் கேட்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் கடவுச்சொல்லும், அச்சிட வேண்டிய கோப்பும், வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்ல வேண்டும். இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வகைப் பூட்டை அச்சு வழங்கியிலும் பயன்படுத்த முடியும்.

மூன்றாம் கேள்வி: என்ன செய்யப் போகிறாய்?

பள்ளிக்குள் வந்துவிட்ட விருந்தினர், தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையைத் திறக்கலாமா? கூடாது அல்லவா? அச்சு வழங்கியிலும் அப்படித்தான். அச்சிடுவது ஓர் உரிமை. புதிய அச்சுப்பொறியைச் சேர்ப்பது, நீக்குவது, விதிகளை மாற்றுவது எல்லாம் வேறு உரிமைகள். கப்ஸில் பொதுவான வாசலுக்கு ஒரு விதி, நிர்வாகப் பக்கத்துக்கு வேறொரு விதி என்று தனித்தனியாக எழுதலாம். அச்சிட வருபவர்களில் பெரும்பாலோருக்கு நிர்வாகப் பக்கம் திறக்கவே தேவையில்லை.

இன்னொரு நுட்பத்தையும் பாருங்கள். வரிசையில் காத்திருக்கும் ஒரு வேலையை யார் ரத்து செய்யலாம்? அனுப்பியவரும் நிர்வாகியும் மட்டுமே என்பது கப்ஸின் இயல்பான விதி. அதேபோல், வரிசையில் உள்ள கோப்பின் தலைப்பையும் அனுப்பியவரின் பெயரையும் அது மற்றவர்களுக்குக் காட்டாமல் மறைக்கிறது. 'படிவம் 5 கணிதம், இறுதித் தாள்' என்ற தலைப்பு கணினிக் கூடத்தின் திரையில் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால், கடவுச்சொல் கேட்காத இடத்தில், பெயர் என்பது அந்தக் கணினி தானே சொல்லிக்கொள்ளும் பெயர்தான். ஆகவே, மூன்றாம் கேள்வி பயன்பட வேண்டுமானால், இரண்டாம் கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்திருக்க வேண்டும்.

பின்வாசலை மறந்தால்?

இப்போது அச்சு வழங்கியில் மூன்று கேள்விகளும் கேட்கப்படுகின்றன. வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால், வழங்கிக்குப் பின்னால் அச்சுப்பொறி நிற்கிறது. அதற்கும் தனி முகவரி உண்டு. அதன் 9100ஆம் வாசல் திறந்தே இருந்தால்? விவரம் தெரிந்த ஒருவர் வழங்கியின் பக்கமே வராமல், நேரே அச்சுப்பொறியிடம் போய்விடுவார். முன்வாசலில் காவலாளி நிற்க, பின்வாசல் திறந்து கிடந்த கதைதான்.

இதற்குத் தீர்வு எளியது. வலையமைப்புடன் இணையும் பல அச்சுப்பொறிகளின் அமைப்புப் பக்கத்தில், யாரிடமிருந்து வேலையை ஏற்பது என்ற பட்டியல் இருக்கும். அங்கே வழங்கியின் முகவரியை மட்டும் எழுத வேண்டும். இனி வழங்கி சொன்னால் மட்டுமே அது அச்சிடும். நிர்வாகி தன் கணினியின் முகவரியையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். இல்லையென்றால், அவரே வெளியில் மாட்டிக்கொள்ள நேரும்!

பயன்படுத்தாத வாசல்களை அடைத்துவிடுவதும் நல்லது. சில அச்சுப்பொறிகள் கைப்பேசியோடு நேரடியாகப் பேசுவதற்காகச் சொந்தமாக ஒரு வைஃபை அலையையும் பரப்பும். யாருக்கும் அது தேவையில்லை என்றால், அதுவும் ஒரு பின்வாசல்தான்.

காவலாளியே ஏமாந்த நாட்கள்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. 'பிரிண்ட்நைட்மேர்', அதாவது 'அச்சுக் கொடுங்கனவு' என்று அதற்குப் பெயர். சாதாரணப் பயனர் ஒருவர் அதன் வழியாக ஒரு கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிட முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான மாதாந்தரத் தேதிக்குக் காத்திராமல், அவ்வாண்டு ஜூலையில் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. அச்சிடும் வேலையே இல்லாத வழங்கிகளிலும் அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்ததுதான் பலரைத் திடுக்கிட வைத்தது.

2024 செப்டம்பரில் கப்ஸின் முறை வந்தது. கப்ஸோடு சேர்ந்து இயங்கும் ஒரு துணை நிரல், வலையமைப்பில் புதிய அச்சுப்பொறி ஏதேனும் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். 'நான் ஓர் அச்சுப்பொறி' என்று 631ஆம் வாசலில் யார் வந்து சொன்னாலும், எந்த முகவரியிலிருந்து சொன்னாலும், அது நம்பியது. இதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் இத்தாலிய ஆய்வாளர் சிமோனே மார்கரித்தெல்லி. போலி அச்சுப்பொறியாக நடித்து, அதற்கு ஒரு கோப்பு அனுப்பப்படும் நேரத்தில், அந்தக் கணினியில் தம் கட்டளையை இயங்க வைக்க முடியும் என்று அவர் காட்டினார். 'எங்கிருந்து வருகிறாய்?' என்ற முதல் கேள்வியை ஒரு சிறிய நிரல் கேட்க மறந்ததன் விளைவு அது.

இரண்டு நிகழ்வுகளிலும் பாடம் ஒன்றே. தேவையில்லாத சேவையை நிறுத்திவையுங்கள். தேவையானதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

பூட்டிய பிறகு தள்ளிப் பாருங்கள்

கதவைப் பூட்டியதும், பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம் இல்லையா? இங்கேயும் அதைச் செய்ய வேண்டும். அனுமதி உள்ள கணினியிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பிப் பார்க்க வேண்டும். பிறகு, அனுமதி இல்லாத வருகையாளர் வைஃபையிலிருந்தும் அனுப்பிப் பார்க்க வேண்டும். முதலாவது அச்சாக வேண்டும். இரண்டாவது அச்சாகக் கூடாது. முதலாவதை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள்தாம் அதிகம்.

கப்ஸ் தன்னிடம் வந்தவர்களையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. இணையத்தில் ஒரு பக்கம் இல்லாதபோது 404 என்ற எண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கப்ஸும் அதே குடும்பத்து எண்களைத்தான் பயன்படுத்துகிறது. 200 என்றால் வேலை ஏற்கப்பட்டது. 401 என்றால், 'நீ யார் என்று முதலில் நிரூபி' என்று பொருள். 403 என்றால், 'உனக்கு இங்கே அனுமதி இல்லை' என்று பொருள். பதிவேட்டில் ஒரே முகவரியிலிருந்து 403 வரிசையாக வந்தால், யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அறியலாம்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது?

ஒன்றை உறுதியாக மனத்தில் வையுங்கள். அடுத்தவரின் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக, நாம் உள்ளே போகலாம் என்று ஆகிவிடாது. மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவது குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பள்ளியின் அச்சுப்பொறி திறந்து கிடப்பதைக் கண்டால், அதில் விளையாடாதீர்கள். கணினிப் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. அம்மா, அப்பாவிடம் சொல்லிவிட்டு, வீட்டு அச்சுப்பொறியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நிர்வாகக் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். யாரும் பயன்படுத்தாத நேரடி வைஃபையை நிறுத்துங்கள். விருந்தினர் வந்தால் உங்கள் மோடத்தில் உள்ள விருந்தினர் வைஃபையைக் கொடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து அச்சுப்பொறி தெரிகிறதா என்று உங்கள் கைப்பேசியால் சோதித்துப் பாருங்கள். தெரிந்தால், விதியில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

கணக்கிட்டுப் பாருங்கள்: ஓர் அச்சு வழங்கியில் 192.168.20.64/26 என்ற குழுவுக்கு மட்டும் அனுமதி இருக்கிறது. 192.168.20.130 என்ற கணினி அச்சிட முடியுமா? எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை உள்ள முகவரிகளுக்குக் கதவு திறக்கும்?

விடை: 64இன் இரும வடிவம் 01000000, முதல் இரண்டு பிட்டுகள் 01. 130இன் இரும வடிவம் 10000010; முதல் இரண்டு பிட்டுகள் 10. பொருந்தவில்லை. ஆகவே அச்சிட முடியாது. கதவு திறப்பது 64 முதல் 127 வரை உள்ள முகவரிகளுக்கு மட்டுமே.